பிரம்மபுத்திராவில் கப்பல் பயணம்: வயதான அப்பா அம்மாவோடு சரிப்படுமா?

கொள்ளிடக்கரை:

வணக்கம். அசாம் பக்கம் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். 2023 ஜனவரியில் காசியிலிருந்து கங்கா விலாஸ் என்று ஒரு கப்பல் கிளம்பியது ஞாபகம் இருக்கும். 51 நாள், சுமார் 3,200 கிலோமீட்டர், வங்கதேசத்துக்குள் புகுந்து பிரம்மபுத்திராவில் ஏறி திப்ரூகரில் போய் முடிகிற பயணம். அதை டிவியில் பார்த்ததிலிருந்து அப்பா "முழுசும் வேண்டாம், அந்தக் கடைசித் துண்டு மட்டும் போக முடியாதா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். விசாரித்தால், போகலாம், குவஹாத்திக்கும் ஜோர்ஹாட்டுக்கும் நடுவே ஏழு இரவு, நான்கு இரவு என்று சின்னக் கப்பல்கள் ஓடுகின்றன என்கிறார்கள்.

வீட்டு நிலவரம் இதுதான். அப்பா எழுபதைத் தாண்டியவர், பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர், எந்த ஆற்றைப் பார்த்தாலும் மதகு, ஷட்டர், வினாடிக்கு எத்தனை கன அடி என்றுதான் பேசுவார். அம்மா சுத்த சைவம், முழங்கால் வலி. மகள் ஏழாம் வகுப்பு, காண்டாமிருகத்தைத் தவிர வேறு கோரிக்கை இல்லை. எனக்கும் மனைவிக்கும் வேண்டியது, தினம் ஒரு ஓட்டலில் பெட்டியைத் திறந்து மூடி, "இது பார்த்தாச்சு, அடுத்தது" என்று வேனில் விரட்டாத ஒரு விடுமுறை, அவ்வளவுதான்.

கப்பல்காரர்கள் சொல்லும் தொகை ஒருவருக்கு ஒரு இரவுக்கே ஐந்திலக்கம். ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டுவிட்டு அந்தத் தாளை அப்பா கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன். இவ்வளவு கொடுத்தால் மேல்தளத்தில் உட்கார்ந்தபடியே மிருகங்களைப் பார்க்க முடியுமா? கிராமங்களுக்குக் கூட்டிப்போகிறோம் என்கிறார்களே, அது நிஜமா, நமக்காகப் போடும் நாடகமா? அம்மாவுக்குச் சாப்பாடு கிடைக்குமா? பொங்கல் விடுமுறையில் போனால் சரியாக இருக்குமா? கேரளாவில் படகு வீட்டில் ஒரு ராத்திரி தங்கியிருக்கிறோம், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எல்லாப் படகும் வரிசையாக ஒரே இடத்தில் நின்று ஜெனரேட்டர் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க இரைச்சல். அது போல ஆகிவிடக் கூடாது.

ஜன்னலோரம்:

கப்பலை விடுங்கள் சார். தாம்பரத்திலிருந்து சில்காட் டவுனுக்கு வாரம் ஒருமுறை நாகோன் எக்ஸ்பிரஸ் என்று ஒரு ரயில் இருக்கிறது. சில்காட் எது தெரியுமா? காசிரங்கா காண்டாமிருகக் காட்டுக்கு ஆட்களை இறக்க அந்த ஆடம்பரக் கப்பல்கள் கரை ஒதுங்குகிற அதே ஊர்! நம் ஊர் ரயில் நேராக அந்தத் துறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது, இது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. கோவை, ஈரோடு, சேலம் பக்கத்து ஆட்களுக்குக் கன்னியாகுமரி–திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, இந்தியாவிலேயே நீண்ட தூரம் ஓடும் ரயில், நான்காயிரம் கிலோமீட்டருக்கும் மேல்.

சில்காட்டில் இறங்கி, வண்டி பிடித்து கோஹோரா போய் இரண்டு நாள் தங்கி ஜீப்பில் காடு சுற்றுங்கள். அங்கிருந்து ஜோர்ஹாட், பிறகு நிமாத்தி படித்துறையிலிருந்து மாஜுலித் தீவுக்கு ஃபெர்ரி. நீரோட்டத்தைப் பொறுத்து ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ ஆகும். கீழ்த்தளத்தில் பைக், கார், ஆடு, காலிஃபிளவர் மூட்டை, மேலே காலேஜ் பிள்ளைகள், அழுகிற குழந்தை, பாக்கு மெல்லும் பாட்டிகள். கிராமமும் மக்களும் பார்க்கணும் என்றால் அது அந்த ஃபெர்ரியில்தான் இருக்கிறது. கப்பலில் உங்களோடு இருக்கப்போவது வெள்ளைக்காரர்களும் கல்கத்தா பணக்காரர்களும்தான். மாஜுலியில் மூங்கில் குடில்களில் தங்கலாம், செலவு கப்பல் கட்டணத்தில் ஒரு மூலைக்குக்கூட வராது.

பயணப்பை:

ஜன்னலோரம் சொல்வது நல்ல பயணம்தான், ஆனால் அது வேறு பயணம். முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவை ஃபெர்ரி ஏணியில் ஏற்றி, கூட்டத்தில் நிறுத்தி, அப்புறம் மூங்கில் குடிலில் கொசுவலைக்குள் படுக்கவைப்பது அவர் கேட்ட விடுமுறை இல்லை. மாமனார் மாமியாரோடு கப்பலில் போய்வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நல்லது கெட்டது இரண்டையும்.

முதலில் மிருகம். மேல்தளத்தில் காபியோடு உட்கார்ந்து காண்டாமிருகம் பார்க்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். காசிரங்கா ஆற்றின் தென்கரையில் இருக்கிறது, நிஜம், ஆனால் ஆறு அங்கே அவ்வளவு அகலம், கப்பல் போகிற தடத்திலிருந்து கரையே ஒரு கோடாகத்தான் தெரியும். கப்பல் சில்காட்டிலோ எதிர்க்கரையில் பிஸ்வநாத் காட்டிலோ நிற்கும். சில்காட்டில் நின்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் போய்த்தான் காட்டு வாசலைத் தொட முடியும். அங்கே ஜீப்பில் ஏறினால் பிறகு கவலை இல்லை. 2022 கணக்கெடுப்பில் காசிரங்காவில் மட்டும் 2,613 காண்டாமிருகங்கள், ஆகவே உங்கள் மகள் பார்க்காமல் திரும்ப மாட்டாள். எங்களுக்கு ஜீப் பாதைக்குப் பக்கத்திலேயே ஒன்று நின்றது. கழுத்து மடிப்பில் சேறு காய்ந்து வெடித்திருந்தது, முதுகில் ஒரு மைனா, அது பாட்டுக்குப் புல்லைப் பிடுங்கித் தின்னும் சத்தம் ஜீப்புக்குள் கேட்டது. அது தினமும் ஒரே இடத்துக்கு வந்து சாணி போடும், அந்தக் குவியலைக் காட்டி வழிகாட்டி விளக்கியதுதான் பிள்ளைகளுக்கு இன்றுவரை பிடித்த கதை.

ஆக, கப்பலில் நீங்கள் காசு கொடுப்பது ஆற்றுக்காக. அது புரிந்து போனால் ஏமாற மாட்டீர்கள். இரவில் கப்பல் ஓடாது, ஓட முடியாது. ஆழம் வருஷா வருஷம் மாறுகிறது, போன வருஷம் ஓடிய தடத்தில் இந்த வருஷம் மணல்மேடு இருக்கும். பகலில் முன்னால் ஒருவர் நின்று, நிறம் பூசிய மூங்கில் கழியை நீரில் குத்திக் குத்தி ஆழம் சொல்லிக்கொண்டே வருவார். மாலையில் ஏதோ ஒரு மணல்திட்டில் மூக்கைச் செருகி, கட்டையடித்துக் கயிறு கட்டி நிறுத்திவிடுவார்கள். கொள்ளிடக்கரை பயந்த மாதிரி வரிசையாகப் படகு நிற்காது. சுற்றிலும் ஒரு விளக்கு இருக்காது, எங்கள் கப்பலிலும் பத்து மணிக்கு மேல் ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிக் கேட்டால் நிறுத்தினார்கள். ராத்திரியில் தூரத்தில் எங்கோ கரை இடிந்து தண்ணீரில் விழும் சத்தம் கேட்கும், முதல் தடவை மாமனார் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

முழங்கால் விஷயம் முக்கியம். துறை, மேடை என்று ஒன்றும் கிடையாது. கப்பலிலிருந்து ஒரு பலகையைக் கரைக்குச் சாய்ப்பார்கள், பிடித்துக்கொள்ள இரண்டு பேர் மூங்கிலை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். கரை உயரமாக இருந்தால் மண்ணிலேயே மண்வெட்டியால் படி வெட்டித் தருவார்கள். ஏறும்போது கூடத் தெரியாது, இறங்கும்போது மணல் சரியும். கப்பல் பையன்கள் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிற அளவுக்கு நல்லவர்கள், ஆனால் அம்மா ஒரு சில இடங்களில் இறங்காமல் மேல்தளத்திலேயே இருந்துவிட வேண்டி வரும், அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்து அறை கொடுத்தால் படி குறையுமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

இப்போது குறை. ஜனவரியில் போனோம். காலையில் பனிமூட்டம், பத்து மணி வரை முன்னால் இருக்கும் கழிக்காரரே தெரியவில்லை, கப்பல் நகரவில்லை. ஒரு நாள் தாமதம் மறுநாளைத் தின்றது, "மாஜுலியில் முழு நாள்" என்று தாளில் அச்சடித்திருந்தது கடைசியில் மூன்று மணி நேரம் ஆயிற்று. ஒரு சத்திரத்தில் (அங்கே வைணவ மடத்துக்கு அந்தப் பெயர்) நடனம் பார்த்தோம், முகமூடி செய்யும் இடத்தில் படம் எடுத்தோம், வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பனிக்கு அவர்கள் என்ன செய்வார்கள், சரி, ஆனால் அந்த நாள் போனால் எதை வெட்டுவோம் என்பதை முன்பே சொல்லியிருக்கலாம். மாமனார் கேட்டதற்கு மேலாளர் சிரித்துக்கொண்டே இன்னொரு டீ கொடுக்கச் சொன்னார். ஆகவே எந்தக் கப்பலாக இருந்தாலும் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: மாஜுலியில் தரையில் எத்தனை மணி நேரம், பனி வந்தால் முதலில் வெட்டுவது எது? இந்த இரண்டுக்கும் நேராகப் பதில் சொல்பவரிடம் பணம் கட்டுங்கள்.

சிறகெண்ணி:

பயணப்பை மிருகத்தைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் மேல்தளத்திலிருந்து ஒன்றுமே தெரியாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆற்று டால்பின் இருக்கிறது. கங்கை ஓங்கில், நம் நாட்டின் தேசிய நீர்வாழ் விலங்கு. கண் கிட்டத்தட்டத் தெரியாது, கலங்கல் தண்ணீரில் கண்ணை வைத்து என்ன செய்யும், ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்தே மீனைப் பிடிக்கிறது. கடல் டால்பின் மாதிரி குதிக்கும் என்று காத்திருக்காதீர்கள். பழுப்பு முதுகு ஒரு நொடி வரும், மூச்சு விடும் சத்தம் கேட்கும், கேமராவைத் தூக்குவதற்குள் போய்விடும். கிளை ஆறு வந்து கலக்கிற இடங்களில், உதாரணமாக தன்ஸ்ரி வாயில், சுபன்சிரி வாயில், பைனாகுலரைக் கீழே வைக்காதீர்கள்.

பறவைக்கு வந்தால் இந்த ஆற்று மணல்திட்டுகள் போதும், காட்டுக்கே போக வேண்டாம் என்பேன் (என் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டார்). கூந்தன்குளத்துக்கு இமயமலையைத் தாண்டி வருகிற அதே பட்டைத்தலை வாத்து இங்கே கூட்டம் கூட்டமாக மணலில் நிற்கும். செம்பழுப்பு வாத்துகள் ஜோடி ஜோடியாக இருக்கும், கப்பல் நெருங்குகிற வரை அசையாமல் இருந்துவிட்டு ஒரே குரலில் கத்திக்கொண்டு எழும். காசிரங்காவில் கிழக்குச் சரகம், அகரதோலி, அங்கே சோஹோலா பீல் என்ற பெரிய ஏரிக்கரைக்குப் போகச் சொல்லுங்கள். நம் வேடந்தாங்கல் பக்கம் பார்க்கும் கூழைக்கடா அங்கே மரத்தில் கூடு கட்டியிருக்கும். எல்லாரையும் நடுச் சரகத்துக்கும் மேற்குச் சரகத்துக்கும்தான் கூட்டிப்போவார்கள், ஜீப் வரிசை நிற்கும். கிழக்கே கூட்டம் குறைவு.

குவஹாத்தியில் ஒரு நாள் மிச்சம் இருந்தால் ஹர்கிலா என்ற பெருநாரையைத் தேடுங்கள். மொட்டைத் தலை, கழுத்தில் தொங்குகிற பை, ஆள் உயரம், அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குப்பைமேட்டில் நிற்பதால் அபசகுனம் என்று மரத்தையே வெட்டி விரட்டிய பறவை. பூர்ணிமா தேவி பர்மன் என்ற உயிரியலாளர் தாதாரா பக்கத்துக் கிராமப் பெண்களைச் சேர்த்து அதைக் காப்பாற்றத் தொடங்கினார், இப்போது அந்தப் பெண்கள் சேலையிலும் துண்டிலும் அதன் உருவத்தை நெய்து விற்கிறார்கள். 2022-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் விருது அவருக்குக் கிடைத்தது. பட்டு நெய்யும் சுவால்குச்சி போகும்போது சேர்த்துப் பார்க்கலாம்.

கறார்:

எல்லாம் சரி, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். கிராமம் பார்ப்பது என்றால் என்ன? கழுத்தில் கேமரா தொங்க இருபது பேர் கப்பலிலிருந்து இறங்கி ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து அடுப்பைப் படம் பிடிப்பதா? நம் தெருவில் ஒரு பஸ் வந்து நின்று இருபது வெளியூர்க்காரர்கள் இறங்கி நம் சமையலறையை எட்டிப் பார்த்தால் நாம் சும்மா இருப்போமா? காண்டாமிருகத்தைப் பார்க்க டிக்கெட், ஆற்றங்கரையில் வாழும் மிசிங் பழங்குடி மக்களைப் பார்க்கவும் டிக்கெட், இரண்டும் ஒரே தாளில். எனக்கு இது பிடிக்கவில்லை.

நாசிராவாசி:

கறார் கேட்டது நியாயமான கேள்வி. எண்ணெய்க் கம்பெனி வேலையில் சிவசாகர் பக்கம் நாசிராவில் நெடுங்காலம் குடியிருந்தவன், அதனால் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மிசிங் வீடுகள் மரக்கால்களின் மேல் நிற்பவை, சாங் கர் என்பார்கள். வெள்ளம் வந்தால் தண்ணீர் கீழே ஓடும், மற்ற நாளில் அந்தக் கீழ் நிழலில்தான் தறி, பன்றி, கோழி, விறகு, குழந்தை எல்லாம். வீட்டுக்கு மேலே ஏறுவதுதான் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவது, கீழே தறிக்குப் பக்கத்தில் நிற்பது அப்படி இல்லை. நாங்கள் இருந்தபோது கவனித்தது, ஒரே கிராமத்துக்குத் தினம் ஒரு கப்பல் வந்தால் குழந்தைகள் மிட்டாய் கேட்டு ஓடி வரக் கற்றுக்கொண்டுவிடும், பெரியவர்கள் முகம் கொடுக்க மாட்டார்கள். எப்போதாவது வரும் ஊரில் உட்காரச் சொல்லி மோடா போடுவார்கள், பாக்கு வெற்றிலை நீட்டுவார்கள், அரிசியைப் புளிக்கவைத்துச் செய்த ஆபோங் என்ற மது கொண்டுவருவார்கள், குடிக்காவிட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள். பாக்கில் கவனம், ஈரத்தில் புதைத்து வைத்த பாக்கு, பழக்கமில்லாதவருக்கு ஒரு நிமிஷத்தில் காது சூடாகி வேர்த்துக் கொட்டும். மிட்டாயும் பணமும் கொடுக்காதீர்கள், தறியில் இருக்கும் துணி பிடித்திருந்தால் கேட்கிற விலைக்கு வாங்குங்கள், அந்த வீட்டுக்கு அதுதான் மரியாதை. இன்னொன்று, தமிழ்நாடு என்றதும் பத்தில் ஐந்து பேர் "வேலூரா?" என்பார்கள். வீட்டில் யாரையாவது வைத்தியத்துக்கு அங்கே கூட்டிப்போயிருப்பார்கள், காட்பாடி ஸ்டேஷன், லாட்ஜ், இட்லி எல்லாம் ஞாபகம் வைத்திருப்பார்கள். அப்புறம் பேச்சுக்குப் பஞ்சமில்லை, யார் யாரை வேடிக்கை பார்க்கிறார்கள் என்பதே தலைகீழாகிவிடும்.

மாஜுலியைப் பற்றி. 15-ஆம் நூற்றாண்டில் பிறந்த சங்கரதேவர் தொடங்கிய வைணவ மரபின் மடங்கள்தான் சத்திரங்கள். நம் கோயில் மாதிரி கருவறை, மூலவர் என்று எதிர்பார்க்காதீர்கள். நாம்கர் என்ற நீண்ட பிரார்த்தனைக் கூடம், அதன் கோடியில் பீடத்தில் பாகவத ஏடு, அதற்குத்தான் வணக்கம். அவுனியாதி, கமலாபாரி சத்திரங்களில் திருமணம் செய்யாத துறவிகள் வரிசை வீடுகளில் குடியிருக்கிறார்கள், சின்ன வயதிலேயே வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் ஆடிய சத்ரியா 2000-ஆம் ஆண்டில் செவ்வியல் நடனமாக அங்கீகாரம் பெற்றது. மாலைப் பிரார்த்தனை நேரத்தில் போய், செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்காருங்கள், கோல் மத்தளமும் பெரிய தாளமும் ஒன்றாக எழும்போது கூரைத் தகரம் அதிரும். கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்யும் அரை மணி நேர ஆட்டமும் அதே ஆட்கள்தான், ஆனால் அதில் கடிகாரம் இருக்கிறது.

சாமகுரி சத்திரத்தின் முகமூடிகளைத் தவறவிடாதீர்கள். மூங்கிலைப் பிளந்து அறுகோணக் கண்ணாகப் பின்னி முகம் கட்டுகிறார்கள், அதன் மேல் களிமண் குழம்பில் தோய்த்த துணி, அதற்கு மேல் மண்ணும் சாணமும் குழைத்து மூக்கு, புருவம், பல். காய்வதற்குள் மூங்கில் சீவலால் வழித்து விடுவார்கள். தாடை தனியாக அசையும், ராவணன் பேசினால் வாய் திறந்து மூடும். அந்தக் கலைஞர்களில் ஹேம் சந்திர கோஸ்வாமிக்கு 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அடுத்த வருஷம் இந்த முகமூடிக்கே புவிசார் குறியீடும் கிடைத்தது. சால்மோரா கிராமத்தில் பெண்கள் சக்கரம் இல்லாமல் கையால் தட்டித் தட்டியே பானை செய்கிறார்கள், ஆற்றில் மிதந்து வரும் கட்டையை விறகாக வைத்துச் சுடுகிறார்கள்.

பொங்கலுக்குப் போகலாமா என்றால், பனி நிச்சயம், பயணப்பை சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் நம் பொங்கல் சமயத்தில்தான் அங்கே மாக் பிஹு. முதல் நாள் ராத்திரி உருகா, அறுவடை முடிந்த வயலில் வைக்கோலும் மூங்கிலும் வைத்துக் குடிசை கட்டி ஊரே சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு, விடியற்காலையில் மெஜி என்ற உயரமான விறகுக் கோபுரத்தைக் கொளுத்துவார்கள். போகி கொளுத்தும் நமக்கு அதைப் பார்க்கச் சொல்லித் தரவே வேண்டாம். பனியா பிஹுவா என்பது உங்கள் வீட்டு முடிவு. பிப்ரவரி நடுவில் போக முடிந்தால் வானமும் தெளிவாக இருக்கும், மிசிங் மக்களின் அலி-ஆயே-லிகாங் விதைப்புத் திருவிழாவும் வரும், ஆனால் ஏழாம் வகுப்புக்கு லீவு யார் தருவது?

அம்மா சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், கப்பலில் பருப்பும் காயும் தினமும் உண்டு, கடுகெண்ணெய் வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த நெடி சேராதவர்களுக்குச் சேரவே சேராது. காலையில் கோமல் சாவுல் கேட்டுப் பாருங்கள், அடுப்பே வேண்டாம், தண்ணீரில் ஊறவைத்தால் சோறாகிவிடும் அரிசி, தயிரும் வெல்லமும் போட்டுச் சாப்பிடுவது. சத்திரத்துப் பிரசாதம் ஊறவைத்த கொண்டைக்கடலையும் பயறும் இஞ்சியும் தேங்காயும், நம் நவராத்திரி சுண்டலை வேகவைக்காமல் கொடுத்த மாதிரி இருக்கும்.

நேரம் இருந்தால் நிமாத்தியிலிருந்து சிவசாகருக்கு ஒரு பகல். 1228-ல் மலை தாண்டி வந்த சுகபாவிலிருந்து 1826 வரை அகோம் அரசர்கள் ஆண்ட மண், அந்தச் சுகபாவின் பெயரில் இந்த ஆற்றில் ஒரு கப்பலே உண்டு. ரங் கர் என்ற அரச விளையாட்டு மண்டபம், தலாதல் கர் அரண்மனை, சராய்தேவ் மண்மேட்டுக் கல்லறைகள். கல்லறைகள் 2024-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

கொள்ளிடக்கரை:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. முகமூடி பற்றிப் படித்துக் காட்டியதும் அம்மா மெலட்டூர் பாகவத மேளாவின் நரசிம்மர் முகத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டார், அவர் பிறந்த ஊர் அந்தப் பக்கம். இனி அவருக்கும் மாஜுலி போயே ஆக வேண்டும்.

அப்பாவிடமிருந்து ஒரு கேள்வி, அப்படியே எழுதச் சொன்னார்: "இவ்வளவு மணல் வரும் ஆற்றில் அணை, கதவணை ஒன்றும் இல்லாமல் கப்பல் தடத்தை எப்படி வைத்திருக்கிறார்கள்? கரை அரிப்பைத் தடுக்க ஒன்றுமே செய்யவில்லையா?" தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எனக்கு நிம்மதி கிடையாது.

பயணம் பற்றி: நான்கு இரவு மட்டும் கப்பல், சில்காட்டில் ஏறி நிமாத்தியில் இறங்குவது. கப்பல் மாஜுலியை எப்படிக் காட்டினாலும் காட்டட்டும், நிமாத்தியில் இறங்கிய பிறகு நாங்களே ஃபெர்ரி பிடித்துத் திரும்பத் தீவுக்குப் போய் இரண்டு நாள் தங்குவது. இப்படி யோசித்திருக்கிறேன், சரிவருமா?

நாசிராவாசி:

அப்பாவுக்கு: அசாமில் பிரம்மபுத்திராவின் குறுக்கே ஒரு அணையும் இல்லை, ஆற்றை அதன் போக்கில் விட்டுத்தான் சமாளிக்கிறார்கள். சதியா முதல் துப்ரி வரை 891 கிலோமீட்டர் தேசிய நீர்வழி எண் 2, அறிவித்தது 1988-ல். தண்ணீர் வற்றும் மாதங்களில் மூங்கில் கழிகளை வரிசையாக நட்டு, அதில் மூங்கில் தட்டிகளைக் கட்டி, நீரோட்டத்தை ஒரு பக்கம் ஒதுக்குவார்கள். பந்தல் என்றே பெயர். ஒதுங்கிய வேகம் மணலை அரித்துத் தடத்தை ஆழமாக்கும், தட்டிக்குப் பின்னால் மணல் தங்கும். வெள்ளத்தில் எல்லாம் போய்விடும், அடுத்த வருஷம் திரும்ப நட வேண்டும். கப்பலில் கேப்டனிடம் கேட்டால் எந்தப் பந்தல் இந்த வருஷம் வேலை செய்யவில்லை என்று வரிசையாகச் சொல்வார், அப்பாவுக்கு நேரம் போவதே தெரியாது.

கரை அரிப்பு வேறு கதை. 1950 ஆகஸ்ட் 15-ல் வந்த நிலநடுக்கம், 8.6 அளவு, மலைகளைச் சரித்து மண்ணை ஆற்றில் கொட்டிவிட்டது, படுகை உயர்ந்தது, அதிலிருந்து கரை இடிவது கூடிப்போயிற்று. மாஜுலி பாதிக்கும் மேல் கரைந்துவிட்டது. கல் கூண்டு, மணல் பை, முள்ளம்பன்றி என்று பெயர் வைத்த கான்கிரீட் சட்டங்கள் எல்லாம் போடுகிறார்கள், போட்ட இடத்தில் நிற்கிறது, அடுத்த வளைவில் இடிகிறது. சில சத்திரங்கள் தீவை விட்டே இடம் பெயர்ந்துவிட்டன. கோகிலாமுக் பக்கம் ஜாதவ் பாயெங் மணல்திட்டில் ஒரு காட்டையே வளர்த்தார், 2015-ல் பத்மஸ்ரீ வாங்கியவர், அதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் திட்டம் நல்ல திட்டம். ஃபெர்ரி பகலில் மட்டும்தான், குளிர்காலத்தில் அங்கே நாலரைக்கே இருட்டத் தொடங்கிவிடும், கப்பலிலிருந்து இறங்கிய காலையிலேயே ஏறிவிடுங்கள். 2021 செப்டம்பரில் அந்தத் துறையில் இரண்டு படகுகள் மோதிய விபத்துக்குப் பிறகு லைஃப் ஜாக்கெட் கொடுக்கிறார்கள், கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். அரசு ஃபெர்ரியில் கார் ஏறும், ஆகவே ஜோர்ஹாட்டிலேயே வண்டி பேசி, வண்டியோடு தீவுக்குப் போனால் அம்மா நடக்க வேண்டியது குறையும்.

பயணப்பை:

ஆமாம், இதுதான் சரி, நாங்கள் விட்டுவிட்ட மாஜுலியை நீங்களாவது பாருங்கள். அம்மாவுக்கு ஒரு மடக்குக் கைத்தடி வாங்குங்கள், அடியில் ரப்பர் அகலமாக இருப்பதாகப் பாருங்கள், குறுகியது மணலில் இறங்கிவிடும். எல்லாருக்கும் ஸ்வெட்டர், குல்லா. ஜீப்பில் காலையில் உட்காரும்போது நம் ஊர் மார்கழி ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

ஜன்னலோரம்:

போகும்போது விமானம், திரும்பும்போது சில்காட் ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள், மகளுக்கு ஜன்னல். பொங்கல் நேரத்து டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு திறக்கும் அன்றைக்கே காலை எட்டு மணிக்கு உட்காருங்கள். தாம்பரம் வரை கீழ் பெர்த் இரண்டு அப்பா அம்மாவுக்கு, மூத்த குடிமக்கள் கோட்டாவில் தனியாகப் போட்டால்தான் கிடைக்கும், ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போடாதீர்கள்.